உலக உருண்டைக்குக் காய்ச்சிய பசை

மே 3, சனி

ஜெரோம் கப்பல் ஏறிவிட்டார். கொச்சியில் ஏறி, சிங்கப்பூர் வழியாக எங்கெங்கோ சுற்றி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவாராம். கப்பலில் அவருக்குச் சமையல் வேலை. ஒரு கப்பல் ஆட்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவர். எனக்குச் சமையல் வராது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

வீட்டில் இப்போது நானும் செலினும் மட்டும். செலின் அவருடைய மகள், ஆறு வயது. அவளுடைய அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனார். நான் ஜனவரியில் இந்த வீட்டுக்கு வந்தவள்.

இந்த டைரி மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. ஜெரோமுக்கு சிக்னல் கிடைத்துக் கூப்பிடும்போது வீட்டு விஷயம் கேட்பார், எனக்கு மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். வேறு நோக்கம் இல்லை.

ஜெரோமின் அக்கா மெர்சிலின் மதினி திருநெல்வேலிக்கு பஸ் ஏறும்போது ஒன்று சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள், மாதக் கடைசியில், வந்து பார்ப்பாராம். பிள்ளை என்னிடம் ஒட்டவில்லை என்றால் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் அங்கேயே சேர்த்துவிடுவாராம். ஜெரோம் கிளம்பும் முன்பே இதற்குத் தலையாட்டியிருந்தார். நானும் தலையாட்டினேன். பிள்ளை எங்கே நன்றாக இருக்குமோ அங்கே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் செலினுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டேன். ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு சித்தி என்றாள்.

மே 4, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் சாளை மீன் வாங்கினேன். குழம்பு வைத்தேன். கொதிக்கட்டும் கொதிக்கட்டும் என்று விட்டதில் மீனைக் காணவில்லை. முள் மட்டும் இருந்தது. செலின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு முழுச் சோற்றையும் சாப்பிட்டாள். நல்லா இருக்கு சித்தி என்றாள்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

மே 6, செவ்வாய்

விடுமுறையில் கைவேலை செய்துகொண்டு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். இன்று வெண்டைக்காய் அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தொட்டு, தாளில் ஒற்றினால் பூ மாதிரி விழும். சாயம் வாங்கப் போகச் சோம்பல். மஞ்சள்தூளைக் கரைத்தேன், பீட்ரூட்டை அரைத்தேன். பூ விழுந்தது. வெண்டைக்காயின் வழவழப்பும் சேர்ந்து விழுந்ததால் தாள் இன்னும் காயவில்லை.

பீட்ரூட் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. செலின் முகம் வெளுத்துவிட்டது. நான் திரும்புவதற்குள் துணி எடுத்து வந்து துடைத்தாள். அந்தச் சொட்டோடு நிற்காமல் ஹால் முழுக்கத் துடைத்தாள். விடு பிள்ளே என்றேன். இல்ல சித்தி, நான் சுத்தமா வச்சுக்குவேன் என்றாள்.

எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். என் தங்கச்சி மகன் எல்லாம் சுவரை நக்குவான்.

மே 7, புதன்

குக்கர். சொல்வதற்கில்லை. கூரையில் இருப்பது துவரம்பருப்பு.

மே 9, வெள்ளி

கூரையைத் தேய்த்தேன். பருப்பு போய்விட்டது, மஞ்சள் போகவில்லை.

மதினி போன் செய்தார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டார். தட்டில் பருக்கை மீதி வைப்பதில்லை என்றேன். எங்கிட்ட இருக்கும்போது ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் அழுவாளே என்றார். பிறகு போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி ஏதோ பேசினார். செலின் சரி அத்தை, சரி அத்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு உள்ளூரப் பெருமைதான். நான் வேலை பார்ப்பது கேபிள் டிவி ஆபீஸில், புகார் வாங்கும் மேஜையில். செலினுக்கு லீவு என்பதால் இந்த மாதம் மட்டும் ஆபீஸ் போனை வீட்டுக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஊரில் ஒரு சீரியல் பாதியில் நின்றால் என் காதில்தான் விழும். புகார் வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதில் எனக்கு அனுபவம் உண்டு.

மத்தியானம் புட்டு அவித்தேன். குழாயை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது. தோசைக்கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தேன். செலின் நன்றாக இருக்கிறது என்றாள்.

மே 11, ஞாயிறு

உலக உருண்டை செய்வது என்று முடிவாகியிருக்கிறது. அப்பா எங்கே இருக்கிறார் என்று தினமும் பார்க்கலாம் என்பது செலினின் யோசனை. அவளாக வாய் திறந்து கேட்ட முதல் காரியம் இது. அதனால் நன்றாகச் செய்ய வேண்டும் என்று பட்டது.

பலூனை ஊதிக்கொண்டு, பழைய பேப்பரைக் கிழித்துப் பசையில் தோய்த்து மேலே ஒட்ட வேண்டும். காய்ந்ததும் இன்னொரு சுற்று. பசை எப்படிக் காய்ச்சுவது என்று எங்கள் ஆபீஸ் இசக்கியிடம் கேட்டேன். அவன் ஊர் முழுக்க கம்பெனி நோட்டீஸ் ஒட்டுகிறவன். மைதாவைத் தண்ணியில் கரைத்துக் காய்ச்சச் சொன்னான். "கெட்டுப் போகாம இருக்க கொஞ்சூண்டு படிகாரம் போடுங்கக்கா" என்றான். ஜெரோம் சவரம் செய்துவிட்டுத் தேய்க்கும் படிகாரக் கட்டி இருந்தது. கொஞ்சூண்டு என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. பாதிக் கட்டியைப் பொடித்துப் போட்டேன்.

பசை பிரமாதமாக வந்தது. நான் அடுப்பில் வைத்ததில் முதன்முதலாகச் சரியான பதத்தில் வந்தது அதுதான்.

மே 12, திங்கள்

முதல் சுற்று காய்ந்தது. வெயிலில் வைத்ததில் உள்ளே பலூன் வெடித்து, அடிப்பக்கம் உள்வாங்கிவிட்டது. தென் துருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். செலின் ரொம்ப நேரம் அதற்குள் பார்த்தாள். "அப்பா அந்தப் பக்கம் போக மாட்டாங்கள்ல சித்தி?" என்று கேட்டாள். போக மாட்டார், அவர் கம்பெனிக்கு அங்கே வேலை இல்லை என்றேன்.

மீதிப் பசையை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். சாயங்காலம் வெக்கை தாங்கவில்லை என்று அரிசிக் கஞ்சி காய்ச்சி, காலையில் மோர் ஊற்றிக் குடிக்கலாம் என்று அதையும் டப்பாவில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தேன். என் கல்யாணத்துக்கு எங்கள் சித்தப்பா கொடுத்த டப்பாக்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

மே 13, செவ்வாய்

காலையில் ஒரு தெரு முழுக்கப் படம் வரவில்லை என்று போன் மேல் போன். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே டப்பாவை எடுத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு செலினுக்குக் கொடுத்தேன். எனக்குக் காலையில் டீ போதும். அவள் ஒரு தம்ளர் குடித்தாள். இன்னும் வேண்டுமா என்று சைகையில் கேட்டேன். தம்ளரை நீட்டினாள். மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தாள். நல்லா இருக்கு சித்தி என்றாள்.

பதினோரு மணி வாக்கில் இரண்டாவது சுற்று ஒட்ட உட்கார்ந்தோம். பேப்பர் ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு விழுந்தது. உருண்டை மேல் எறும்பு ஏறியது. பசைக்கு எறும்பு ஏன் வருகிறது என்று விரலில் தொட்டு வாயில் வைத்தேன். கஞ்சி.

பிரிட்ஜைத் திறந்து காலையில் எடுத்த டப்பாவைப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்தேன். நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய்விடும் போலத் துவர்த்தது. ஒரு சொட்டுக்கே அப்படி. அவள் இரண்டு தம்ளர் குடித்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தால் செலின் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடுகிறாள். வாந்தி. கழுவிவிட்டேன். மறுபடி வாந்தி. சாரி சித்தி, சாரி சித்தி என்று அதற்கு நடுவிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோவை மறித்தேன். ஆட்டோவில் மாதாவைக் கூப்பிட்டேன். எதுவும் ஆகிவிடக் கூடாது, ஆகிவிட்டால் நான் செத்துப்போவேன் என்று சத்தமாகவே சொன்னேனாம். ஆட்டோக்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

பிள்ளைகள் டாக்டர் வயசான அம்மா. எவ்வளவு படிகாரம், எவ்வளவு மைதா என்று கேட்டுக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பயமில்லை, வாந்தியிலேயே வந்துவிட்டது, தண்ணீர் கொடுங்கள் என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே படுக்க வைத்தார். பிறகு செலினிடம் கேட்டார். "துவர்க்கலையாம்மா?"

"துவர்த்துச்சு."

"பின்ன ஏன் குடிச்ச? துப்ப வேண்டியதுதான?"

செலின் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் காதருகே போய்ச் சொன்னாள். அவளுக்கு ரகசியம் பேச வராது, எல்லாம் கேட்டது.

"எங்கம்மா இட்லி குடுத்தாங்க. நல்லா இல்லன்னு தட்டி விட்டேன். அன்னைக்குதான் அம்மா காய்ச்சல்னு போனாங்க. வரல. நான் அடம் பிடிச்சா சித்தியும் போயிருவாங்கன்னு அத்தை சொன்னாங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று தெரியவில்லை.

மே 14, புதன்

காலையில் செலினை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். அம்மா காய்ச்சலால் போனார், இட்லியால் போகவில்லை. நான் போகமாட்டேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். புரிந்ததா என்றேன். புரிந்தது சித்தி என்றாள். பிறகு உப்புமா கொடுத்தேன், நல்லா இருக்கு சித்தி என்றாள். அதில் ரவை வேகவே இல்லை.

மதினிக்குப் போன் போட்டேன். சண்டை போடுவது என்றுதான் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் மதினி அழ ஆரம்பித்துவிட்டார். பிள்ளை உன்னைப் படுத்தி வைக்கக் கூடாது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேனே, இப்படி நினைப்பாள் என்று கண்டேனா என்றார். அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? நான்தான் சமாதானம் சொன்னேன். போனை வைக்கும்போது, எதுக்கும் மாதக் கடைசியில் வந்து பிள்ளையைப் பார்க்கிறேன் என்றார். குரலில் பழைய உறுதி இருந்தது. பசை குடித்த பிள்ளையை யாராக இருந்தாலும் கூட்டிப் போகத்தான் நினைப்பார்கள்.

மே 17, சனி

வாயால் சொல்லி ஆகவில்லை. வேறு வழி பார்க்கிறேன். இன்று சாம்பாரில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. சாப்பிட்டாள். சாயங்காலம் டீயில் சீனிக்குப் பதில் ரசப்பொடி போட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்கப் போனாள். நான்தான் பிடுங்கிக் கொட்டினேன்.

இனி இப்படிச் செய்யக் கூடாது.

மே 19, திங்கள்

புதுப் பசை காய்ச்சினேன், படிகாரம் இல்லாமல். உருண்டை முடிந்தது. நீலம் அடித்தோம். நாடுகளைச் செலின் வரைந்தாள். எங்கள் ஊர் தூத்துக்குடி, இந்தியாவில் பாதி இருக்கிறது. கப்பல் ஒன்று வெட்டி குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறாள். ஜெரோம் போன் செய்யும்போதெல்லாம் அதை நகர்த்துகிறாள். அப்பா தூங்கும்போது கப்பலும் நிற்குமா என்று கேட்டாள். நிற்காது என்றேன். அப்ப நான் தூங்கினாலும் நகத்தணும் என்றாள்.

மே 22, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அடிப்பக்கம் பள்ளம் என்பதால் உருண்டை எங்கே வைத்தாலும் சாய்கிறது. கேஸ் அடுப்பில் பெரிய பர்னரின் வளையம் அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ராத்திரி சமையல் முடிந்ததும் அதில்தான் வைப்போம். காலையில் சின்ன பர்னரில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். போன் அடித்தது. எடுத்துக்கொண்டே குமிழைத் திருகி லைட்டரை அழுத்தினேன். பெரிய பர்னரின் குமிழ் அது.

தென் துருவத்தில் பிடித்தது. ஆஸ்திரேலியா போய்ச் சேருவதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டேன். ஆனால் பேப்பர்தானே, மைதாதானே. அப்படியே உள்ளே இறங்கிக் கூழாகிவிட்டது. கப்பலும் அதற்குள்தான்.

செலின் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கத்தினாள். அந்தச் சத்தம் அவளுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"எல்லாத்தையும் கெடுக்குறீங்க! உங்க தோச நல்லால்ல! புட்டு நல்லால்ல! மீன் கொழம்புல மீனே இல்ல! சட ஒன்னு மேல ஒன்னு கீழ! எங்கப்பா கப்பல எரிச்சுட்டீங்க!"

ஒன்றையும் மறக்கவில்லை. பீட்ரூட் சாயம் கூட வந்தது. நான் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டேன். எல்லாம் உண்மை. எனக்கு வலித்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கத்தி முடித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கண் அப்படி விரிந்தது. கூடத்துக்கு ஓடினாள். நான் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால், வாசல் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். தலையாட்டினாள், ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன்.

மத்தியானம் கடைக்குக் கிளம்பினால் என் செருப்பைக் காணவில்லை. ஆபீஸுக்குப் போடும் செருப்பையும் காணவில்லை.

மே 23, வெள்ளி

செருப்பு வாஷிங் மெஷினுக்குள் இருக்கிறது. துணி போடப் போனபோது பார்த்தேன். மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறாள். மெஷினை மூடிவிட்டு, துணியைக் கையால் துவைத்தேன். கடைக்கு வெறுங்காலோடு போனேன். தார் ரோட்டில் இந்த வெயிலில் நடப்பது ஒரு அனுபவம்.

ராத்திரி தோசை சுட்டேன். செலின் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கருகிருக்கு" என்றாள், மிகவும் மெதுவாக. வேறு சுட்டுக் கொடுத்தேன். "இதுவும்" என்றாள். இன்னொன்று சுட்டேன். அது வெள்ளையாக வந்தது, வேகவில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு சீனி தொட்டு ரொட்டி தின்றாள். நான் மூன்று தோசையையும் சாப்பிட்டேன்.

மே 25, ஞாயிறு

கோயிலுக்கு வெறுங்காலோடு போனேன். எங்கள் தெரு அன்பிய ஜெபக்குழுப் பெண்கள் என்ன நேர்த்திக்கடன், வேளாங்கண்ணிக்கு நடக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எதற்கு வேண்டியிருக்கிறீர்கள் என்றார்கள். செலின் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு என்றேன். அது பொய்யில்லை.

மே 31, சனி

மதினி காலை பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் அல்வா, கூடவே ஒரு காலிப் பை. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. செலினின் துணி அதில் அடங்கும்.

இட்லி அவித்திருந்தேன். நேற்றே உளுந்து ஊறப்போட்டு, அரைத்து, எல்லாம் முறைப்படி. மதினி ஒரு இட்லியை விரலால் பிட்டுப் பார்த்தார். வரவில்லை. கரண்டியால் முயன்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி செலின், இதத்தான் தின்னுக்கிட்டு கெடக்கியா?"

செலின் சொன்னாள், "சித்திக்குச் சமைக்கவே தெரியாது அத்தை."

மதினி என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன். மதினி அவளைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவி, அப்போ அத்தையோடு வந்துவிடுகிறாயா, நம் வீட்டில் நன்றாகச் சாப்பிடலாம், அங்கேயே பள்ளிக்கூடம் போகலாம் என்றார். பிள்ளை எங்கே நன்றாக இருக்குமோ அங்கே இருக்கட்டும் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். அது பச்சைப் பொய். அவள் போகக் கூடாது. எனக்கு அவள் வேண்டும்.

செலின் எழுந்து உள்ளே போனாள். வாஷிங் மெஷினின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. என் செருப்பு இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என் காலடியில், வாசலைப் பார்த்தாற்போல வைத்தாள்.

என்னைப் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மதினிகூட எழுந்துவிட்டார்.

"முக்குக் கடையில மாவு வாங்கிட்டு வாங்க சித்தி" என்றாள் செலின். "அத்தைக்கும் சேத்து வாங்குங்க. உங்க மாவு வேண்டாம்." கொஞ்சம் நின்று, "போயிட்டு வாங்க" என்றாள்.

போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவருகில் நிற்கவில்லை. உள்ளே மதினியிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

மாவுக் கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என்னம்மா என்று கடைக்காரர் கேட்டார். வெங்காயம் என்றேன். அவர் கடையில் மாவு மட்டும்தான் விற்கிறார். இரண்டு பாக்கெட் எடுத்து வைத்தார். இன்னொன்று சேர்த்துக் கொடுங்கள், வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம் என்றேன்.